நடந்து வருவான்னு நான் சொன்ன வீட்டுக்கு

காலைல 9.10, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு. உசிலம்பட்டி வண்டி ரெண்டு போயிருச்சு, நான் ஏறல. பப்ஸ் தின்னேன், மொபைல நோண்டுனேன். மூணாவது வண்டி கண்டக்டரு, "என்ன தம்பி, ஏறுறியா, இல்ல வண்டிக்குக் காவலா?"ன்னாரு. ஏறிட்டேன். நாப்பது கிலோமீட்டரு, டிக்கெட் முப்பது ரூவா.

மேட்டர் இதான். கார்த்தி என் காலேஜ் ரூம்மேட். போன சித்திரைல கிட்னி போயி மதுரைல ஆஸ்பத்திரில கெடந்தான். நான் எங்க சர்ச் யூத் குரூப்ல பெரிய ஜெபவீரன். அவன் தலைல கைய வச்சு, வார்டே திரும்பிப் பாக்கக் கத்தி ஜெபம் பண்ணேன். அவன் அம்மாட்ட, "மூணு நாள்ல எந்திரிச்சு நடப்பான்மா, எழுதி வச்சுக்கங்க"ன்னேன்.

மூணாம் நாள் செத்துட்டான்.

எழவுக்குப் போகல. ஆறு மாசமா ஜெபமும் இல்ல. அந்தம்மா மூஞ்சில முழிக்கப் பயம். ஆண்டவர் இருக்காராங்குற சந்தேகம் அதவிடப் பெருசு. நேத்து முட்டி போட்டேன், ஒரு வார்த்த வரல. அந்த வீட்டுக்குப் போகாம இனி அவர்ட்ட பேச முடியாதுன்னு மட்டும் தெரிஞ்சுச்சு.

9.55. நாகமலை பஸ்கூடவே வருது. செக்கானூரணி தாண்டுனா ரெண்டு பக்கமும் பாதி வளந்து நின்ன சோளம். வானம் மூடிக்கெடக்கு, பெய்யல.

10.50 உசிலம்பட்டி. அங்கருந்து கார்த்தி ஊருக்கு ஷேர் ஆட்டோ பதினஞ்சு ரூவா, நாலு கிலோமீட்டரு.

அந்தம்மா வாசல்ல மாட்டுக்குச் சோளத்தட்ட வெட்டிட்டு இருந்துச்சு. அருவாள நிப்பாட்டாமயே, "வா. மூணு நாள்னு சொன்ன, ஆறு மாசங்கழிச்சு வார"ன்னுச்சு.

உள்ள போயி ஒரு டப்பா கொண்டாந்து தொறந்துச்சு. புதுச் செருப்பு.

"நடந்து வருவான்னு சொன்னியேன்னு வாங்குனேன். டாக்டரு கைய விரிச்சாரு, நான் ஒன்னய நம்புனேன். அதனால கடசிவரைக்கும் எம்புள்ளட்ட ஒண்ணும் பேசிக்கிறலடா. என்ன வேணும், யாரப் பாக்கணும்னு கூடக் கேக்கல."

"எனக்கே அன்னைக்கி நம்பிக்க இல்லம்மா. பயந்து கெடந்தேன். அத மறைக்கத்தான் அம்புட்டுக் கத்துனேன். ஆண்டவர் சொல்லல, நானாத்தான் சொன்னேன்."

அந்தம்மா செருப்பு டப்பாவ மூடுச்சு.

"இன்னைக்கி என்ன சொல்லிட்டுப் போகப்போற?"

"ஒண்ணுமில்லம்மா. ஜெபம் பண்ணட்டுமா?"

"கத்தாத."

"ஆண்டவரே, இந்தம்மா கூட இருங்க"ன்னேன். அதுக்கு மேல வரல. அந்தம்மா ஆமென்லாம் சொல்லல, அருவாள எடுத்துருச்சு. ஆனா நான் பேசுனத யாரோ கேட்டாப்ல இருந்துச்சு.

சனிக்கிழமயானா கார்த்திதான் காட்டுல தட்ட அறுப்பானாம். போயி அறுத்தேன். கை பூராக் கிழிசல். "படிச்ச கைடா இது, மாடு பட்டினிதான்"னுச்சு. மூணு கட்டு சொமந்து போட்டேன்.

3.40க்குக் கெளம்புனேன். "அடுத்த சனிக்கிழம வாரேம்மா."

"நீ சொல்றத இனி நம்பமாட்டேன்."

"நம்பாதீங்க. வாரேன்."

திரும்புற பஸ்ல, அடுத்த வாரம் நான் ஓடிராமப் பாத்துக்கங்கன்னு சத்தமில்லாம ஆண்டவர்ட்ட கேட்டேன். பயம் போகல. ஆனா ஜெபம் வந்துச்சு.

6.15. எங்க வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டிப் போட்டேன். சத்தம் கேட்டு உள்ளருந்து அம்மா, "வந்துட்டியாடா?"ன்னுச்சு.

"வந்துட்டேம்மா"ன்னு சொல்லும்போது அந்த டப்பாச் செருப்புதான் கண்ணுல நின்னுச்சு.