தினை மாவும் கோதுமை மெஷினும்

போன வாரம் என் மருமகள் ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். காரணம்... நான் சுட்டுக் கொடுத்த பிஸ்கட்.

அவளுக்குக் கோதுமை ஆகாது. மைதாவும் அதே கோதுமைதானே, அதுவும் ஆகாது. மதுரை டாக்டர் சொல்லி ஆறு மாதமாகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட் அவள். நாலு மணி டீக்கு எல்லோரும் பிஸ்கட் தின்ன, இவளுக்கு மட்டும் வெறும் டீ. கேட்ட எனக்கு மனசு பொறுக்குமா?

ஆனால் எந்த மாவில் சுடுவது? பச்சரிசி மாவில் சுட்டேன். நறநறவென்று மணலைத் தின்பது போல இருந்தது. கேழ்வரகு கல்லாகிவிட்டது. தினை நல்ல வாசம்... எடுத்தால் உதிர்ந்தது. கோதுமையின் பசை இவற்றுக்கு ஏது? கடைசியில் தினை மாவோடு கொஞ்சம் பொரிகடலை மாவு சேர்த்து, வெண்ணெய் போட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டேன். உடையாமல் வந்தது. ஸ்டெல்லா ஆசையாக டப்பாவில் கொண்டுபோனாள். சாயங்காலம் வந்ததும் படுத்தாள்.

"மாமியா கைப்பக்குவம் அப்படி" என்றான் என் மகன்.

"ஏலே, சும்மா கெட."

ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள். "அத்தை, தினைய எங்க அரைச்சீக?"

சுருக்கென்றது. தெருமுனை மாவு மில்லில்தான். எனக்கு முந்தி ஒரு அம்மா அதே மெஷினில் கோதுமை அரைத்துக்கொண்டு போனாள். மெஷினுக்குள் ஒட்டியிருந்தது தினையோடு வராமல் இருக்குமா? நம்மில் யாருமே மிளகாய் அரைத்த மெஷினில் மாவு அரைக்க விடமாட்டோம். கோதுமை என்றால் மட்டும், மாவுதானே என்று விட்டுவிடுவோம்.

எனக்கோ அன்றைக்கு மில்லில் நிற்கும்போதே சந்தேகம் வந்தது. கேட்கலாமா என்று தொண்டை வரை வந்தது... பின்னால் நாலு பேர் நின்றார்கள். விழுங்கிவிட்டேன்.

இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் மில்லுக்குப் போனேன். "தம்பி, கோதுமை படாம இந்தத் தினைய அரைக்கணும். மருமகளுக்கு ஆகாது."

மில்காரர் என்னையே பார்த்தார். "ஆச்சி, ஒங்களுக்குப் பேச வருமா? இம்புட்டு வருசமா தலைய மட்டும்ல ஆட்டுவீக."

வரிசையில் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் நகரவில்லை.

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? இடியாப்ப மாவு மெஷின் தனியா கெடக்கு. அரிசியத் தவிர அதுல ஒண்ணும் ஏறாது. செத்த நேரம் நில்லுங்க, அதுல போட்டுத் தாரேன்" என்றார்.

கோதுமை சலித்த பழைய சல்லடை வேண்டாமென்று புதுச் சல்லடை வாங்கினேன். பொரிகடலையையும் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்து, மறுபடியும் சுட்டேன். நேற்று டப்பாவோடு போனவள் நாலரைக்கு போன் போட்டாள். "அத்தை, டப்பா காலி. நாலு நாந்தான் தின்னேன். மிச்சத்த இங்க புடுங்கிட்டாக."

"வயிறு?"

"ஒண்ணும் செய்யல அத்தை."

இன்று காலையில் அவளே எழுந்து தோசை ஊற்றி, மூன்றைத் தின்றுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஸ்டெல்லாவுக்கு ஆகாதது கோதுமை மட்டும் என்று இருந்தேன்... என் கூச்சமும் ஆகவில்லை.