முக்கால் லிட்டர்

என் கணவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். காபி, ரசம், மாத்திரை விழுங்குவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு டாக்டர் சொன்ன அளவு அது. வாரத்தில் மூன்று நாள் தென்காசியில் டயாலிசிஸ். அதற்காகக் கழுத்தில் குழாய் வைத்திருப்பதால் தலையில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுவேன்.

போலீஸ்காரராக இருந்தவர். சீசன் டூட்டியில் நாளெல்லாம் குற்றாலத்தில் விசில் ஊதிக் கூட்டத்தை விரட்டுவார். டூட்டி முடிந்ததும் தானே போய் அருவிக்கடியில் நிற்பார். இதற்கு மேல் மனுசனுக்கு என்ன வேணும் என்பார். எனக்கு எரிச்சலாக வரும். வீட்டு வேலையில் எனக்கு அருவியாவது ஒன்றாவது.

அவர் முன்னால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் திருடி மாதிரி நின்று குடிப்பேன். ஒருநாள் பார்த்துவிட்டார். இங்கே வந்து என் கண் முன்னால் குடி என்றார். செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தேன். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு தினமும் சாப்பாடு முடிந்ததும் அவர் பார்க்கத் தண்ணீர் குடிப்பது எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் அவருக்கு ஆகாத சாத்துக்குடியைக் கொடுத்துவிட்டு, சின்னச் சின்ன விஷயத்தில் சந்தோஷப்படப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஓங்கி ஒன்று விடலாமா என்றிருக்கும்.

இந்த ஆனியில் சாரல் பிடித்ததும் குற்றாலம் போக வேண்டும் என்றார். குளிக்கக் கூடாது என்றேன். தெரியும் என்றார். கழுத்தில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஆட்டோவில் கூட்டிப்போய், தண்ணீர் தெறிக்காத தூரத்தில் ஒரு கடை வாசலில் உட்கார வைத்தேன். நீ போய்க் குளி என்றார். மாட்டேன் என்று சண்டை போட்டேன். கடைசியில் அவருக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். முதல் அடி உச்சந்தலையில் விழுந்ததும் மூச்சு நின்றுவிட்டது. அப்புறம் தோள், முதுகு. இத்தனை மாதம் அவரைத் தூக்கிப் பிடித்த வலியெல்லாம் கரைந்து போனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அங்கே நின்ற நேரம் முழுக்க எனக்கு ஒரு புருஷன் இருப்பதே ஞாபகத்தில் இல்லை. சந்தோஷமாக இருந்தேன்.

வெளியே வந்ததும்தான் அவர் ஞாபகம் வந்தது. ஓடினேன். வைத்த இடத்திலேயே இருந்தார். தண்ணீர் எப்படி விழுகிறது என்று கேட்டார். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரே நெரிசல், ஏன் போனோம் என்று ஆகிவிட்டது என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. ஆஸ்பத்திரியில்கூட அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"பொய் சொல்லாதட்டி. எனக்கு இருக்கது இது ஒண்ணுதான். இதையும் பிடுங்காத."

ஈரச் சேலையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நல்லா இருந்துச்சு. உங்களையே மறந்துட்டேன்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார்.

"மொதல்ல இருந்து சொல்லு" என்றார்.