பின் கண்ணாடிக் குதிரை

எனக்குப் பத்து வயதில் ஓசூரில் எங்களிடம் ஒரு கார் இருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால், அது ஓடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். என்னைவிட இருபது வயது மூத்த வண்டி. அப்பா தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்ததும் அதன் டிரைவர் சீட்டில் உட்காருவார். நான் பின் சீட்டில். இருட்டும்வரை இருவரும் எங்கும் போகாமல் பயணம் செய்வோம்.

அம்மா அந்த வருடம் விருதுநகர்ப் பக்கம் தன் பிறந்த வீட்டில் இருந்தாள். கிளம்பும்போது அவள் சொன்னது ஒன்றுதான். "அந்தத் தகரத்தை வித்துட்டுச் சொல்லுங்க, வாரேன்."

வாங்க ஆளும் கிடைத்தார். பழைய கார்கள் சேர்க்கும் பெங்களூர்க்காரர். அவர் இன்ஜினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வண்டியை முதன்முதலில் விற்ற கடைக்காரர்கள் பின் கண்ணாடியின் உட்பக்கம் சிறகு வைத்த குதிரைப் படம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்ததெல்லாம் மாத்திக்கலாம் சார். இது ஒரிஜினல். இது இருந்தா ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்."

நடுவில் ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் அன்று கழுவப்படாத இரும்பே கிடையாது. அப்பா தொழிற்சாலைப் பூஜைக்குப் போயிருந்தார். அம்மா வரப்போகிற சந்தோஷத்தில் நான் சோப்புத் தண்ணீரும் துணியுமாகக் காருக்குள் ஏறினேன். பின் கண்ணாடியை இரண்டே தேய்ப்பு. குதிரை பாலாடை மாதிரி வழுக்கிக் கையோடு வந்துவிட்டது.

உடனே வீரமாக ஏதோ செய்தேன் என்று எழுத ஆசைதான். செய்ததென்னவோ, சீட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதுதான். அங்கே வந்து என்னைத் தேட ஆளில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்தே உறைத்தது. எழுந்து, குதிரையைப் பூஜைக்கு வாங்கிய வாழையிலையில் கிடத்திவிட்டு, பஞ்சர் கடை பாயிடம் ஓடினேன்.

"சொலூஷன் கொஞ்சம் தாங்க பாய்."

"உங்கப்பன் காருக்கா? நவுராத வண்டி எப்படிடா பஞ்சர் ஆச்சு?"

"ஒரு படம் ஒட்டணும்."

"எடுத்துக்க. லாரி டியூபே இதுல நிக்குது, படம் நிக்காதா?"

நின்றிருக்கும்தான். ஆனால் முதலில் ஒரு தீப்பெட்டிப் படத்தில் தடவிப் பார்த்தேன். அதிலிருந்த கிளி ஒரு நிமிடத்தில் பச்சைச் சேறாகிவிட்டது. குதிரைக்கு இது ஆகாது என்று சொலூஷனை மூடி வைத்தேன். அடுத்து இன்னொரு தீப்பெட்டிக் கிளியில் சோற்றுப் பருக்கை. கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தால் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. முருங்கைப் பிசின் மஞ்சள் கறை விட்டது. கடைசியாக மைதாவைத் தண்ணீராகக் கரைத்துக் காய்ச்சி, அப்பாவின் வேட்டி முனையில் வடிகட்டினேன். அதில்தான் பசை மறைந்து கிளி மட்டும் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிரையை அதன் பழைய இடத்தில் படிய வைத்தேன்.

வேட்டி முனை அப்பளமாக விறைத்துப்போனது. ஏனென்று அப்பா கேட்கவில்லை. அந்த நாட்களில் அவர் எதையுமே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்க்காரர் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார். அதற்குள் நான் மூன்று முறை ஒன்றுக்குப் போய்வந்துவிட்டேன். "அதேதான்" என்றார். லாரியில் கயிறு கட்டிக் காரை இழுத்துப் போனார்கள். குதிரை என்னைப் பார்த்தபடியே போனது. அப்பா அன்றே அம்மாவுக்கு எழுதிப் போட்டார்.

ஒரு வாரம் ஆனது. இன்னொரு வாரமும் ஆனது. அம்மா வரவில்லை. காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். பெங்களூர்க் குளிரில் மைதா இளகியிருக்கிறது, குதிரை விழுந்திருக்கிறது, சேதி எப்படியோ விருதுநகர்வரை போய்விட்டது. ஆகவே குளிருக்கு அசையாத பசை ஒன்றைக் கண்டுபிடிப்பதென்று தினமும் காய்ச்சினேன். காலி மருந்து பாட்டில்கள் ஜன்னலில் வரிசையாக நின்றன.

ஒரு சாயங்காலம் அப்பா அந்த வரிசை முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து நான்காகக் கிழிந்த இன்லண்ட் லெட்டரை எடுத்தார்.

"இதை ஒட்ட முடியுமாடா?"

அம்மாவின் கையெழுத்து. "யாருப்பா கிழிச்சது?"

"நான்தான்."

"மைப் பேனாவுல எழுதியிருக்குப்பா. ஈரம் பட்டாக் கலங்கிரும். எழுதாத பக்கமாத்தான் ஒட்டணும்" என்றேன், பெரிய நிபுணன் மாதிரி.

காயும்வரை தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தோம். "நிக்குமாடா?" என்றார்.

"நிக்கும். குளிர்ல மட்டும் வைக்காதீங்க."

இனி வருவதாக இல்லை என்பதுதான் அதில் எழுதியிருந்தது என்று தெரிய எனக்கு இன்னும் சில வருடங்கள் ஆயின. அன்று நான் கிழிசல் ஓரங்களை மட்டுமே பார்த்தேன். ஒட்டு தெரியவில்லை. ஓர் எழுத்துகூடக் கலங்கவில்லை. அம்மா வந்ததும் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.