ஷாம்பிள்ஸ் வின்னி

கறிப்பலகைமேல் மரத்தூளைக் கோலப்பொடி போலத் தூவி, இரும்புத் தூரிகையால் தேய்த்துக்கொண்டே பாடுகிறாள் வின்னி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடும் அதே பாட்டுதான். பலகைக்கு முன் சுருதி கொஞ்சம் தூக்கல். எதிரே கோயிலைக் கூட்டுகிற எனக்கு, கை ஓடுவதே அந்தக் குரலில்தான்.

அவள் கறிக்கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. தராசின்மேல் தொப்பி, தொப்பிக்குள் வெங்காயம், கத்திகளுக்கு நடுவே தேநீர்க் கோப்பை. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே சொல்தான் சொல்வார்கள்: "ஷாம்பிள்ஸ்!" அலங்கோலத்துக்கு எங்கள் ஊர் ஆங்கிலத்தில் அதுதான் பெயர்.

வின்னிக்குக் கோபமே வராது. பலகையைத் தட்டிக் காட்டுவாள். "கண்ணு, அது வசவு இல்ல, இதோட பேரு! ஆதியில கால் வைக்கிற முக்காலிக்கு அந்தப் பேரு. அப்புறம் கறி விக்கிற பலகைக்கு. பலகைங்க வரிசையா வந்ததும் தெருவுக்கே அதான் பேரு. வெட்டுற எடத்துக்கும் அதான். அங்க ரத்தமும் குடலும் கெடந்ததப் பாத்த சனங்க, கண்ட குப்பையையும் ஷாம்பிள்ஸ்னு சொல்லிட்டாங்க. அசல் என்னுது, மத்ததெல்லாம் நகல்!"

கிறிஸ்துமஸுக்கு வான்கோழியோ வாத்தோ சொல்லிவைக்கிறவர்கள் அவளிடம் தங்கள் ஜோடியில் ஒரு கையுறையை விட்டுப் போக வேண்டும். அந்தப் பறவை தொங்கும் கொக்கியில் அதையும் மாட்டிவிடுவாள். பண்டிகைக்கு முந்தின நாள் மற்றக் கையுறையைக் காட்டினால் பறவை கிடைக்கும். குளிரில் ஒரு கை சிவந்து யாராவது நடந்தால், வின்னியிடம் சொல்லியாயிற்று என்று அர்த்தம்.

போன வருடம், சந்தை மேற்பார்வையாளர் கிளெக், அந்த முந்தின நாளன்றே வந்து பார்ப்பேன் என்றார். அலங்கோலம் மாறாவிட்டால் கடை அவளுக்கு இல்லை. பதறிப்போன அவள் தங்கை ஹில்டா விடியலில் வந்து எல்லாவற்றையும் துடைத்தாள். கொக்கிகளில் இருந்த கையுறைகளையும் கழற்றி ஒரே கூடையில் அழகாக அடுக்கிவிட்டாள்.

"ஏன்டி ஹில்டா, பளபளன்னு இருக்கு," என்றாள் வின்னி. "இப்ப எது யாருதுடி?"

வாசலில் வரிசை முட்டியது.

"அந்தக் குண்டு என்னுது!"

"உன் மூஞ்சி மாதிரியே இருக்கு, உன்னுதாத்தான் இருக்கும்!"

கிளெக் கடையைக் காலி செய்யச் சொல்லும் தாளோடு உள்ளே வந்து வின்னியைப் பார்த்தார். "கடை சுத்தந்தான். இந்தக் கூச்சல் என்ன, மிஸஸ் ஹெப்வொர்த்? சுத்த ஷாம்பிள்ஸ்!"

வின்னி காலணியைக் கழற்றினாள். பலகைமேல் துணி விரித்து ஏறினாள். "ஆதியில கால் வைக்கத்தானே இருந்துச்சு! இந்தாங்க, இது பெரிசு. புள்ளைங்க நெறைய இருக்கிறவங்க வாங்க. இது சின்னது, தனியாளுக்கு. பொய் சொன்னா எதிர்க்க ஆண்டவர் பாத்துக்கிட்டிருக்கார்!"

கூச்சல் சிரிப்பாயிற்று. பெரியதைப் பிடித்திருந்த ஒருவர், பின்னால் நின்ற பிள்ளைக்காரியிடம் அதைக் கொடுத்துவிட்டுச் சின்னதை வாங்கிக்கொண்டார். எல்லாரும் கூடையில் தங்கள் கையுறையைத் தேடி எடுத்து, வாழ்த்துச் சொல்லிக் கலைந்தார்கள்.

ஒரு வாத்து மிஞ்சியது. கூடையில் ஒரு பழுப்புக் கையுறை. கிளெக் நகரவில்லை.

"என்ன ராசா, தாளக் குடுக்கிறதுன்னா குடு."

அவர் தாளை மடித்துக் கோட்டுக்குள் வைத்தார். அதுவரை பையிலேயே இருந்த மறு கையை வெளியே எடுத்தார். குளிரில் செக்கச் சிவந்திருந்தது. "அந்த வாத்து... எங்க வீட்டுக்காரி சொல்லிவச்சது. என் கையுறையத்தான் கொண்டாந்து குடுத்திருக்கா."

வின்னி வாத்தை அவர் கக்கத்தில் செருகினாள். பிறகு அந்தச் சிவந்த கையைப் பிடித்து, தன் கைகளுக்குள் வைத்துச் சூடேறத் தேய்த்து, விரல் விரலாகக் கையுறையை மாட்டிவிட்டாள்.