தொண்டிக் கடைத்தெருவின் மெத்தைவீடுகள்

தொண்டிக் கடைத்தெருவை இன்று பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பழைய தெருவைக் கண்ணால் காணாதவர்கள், "நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். அவர்களிடம் என்னத்தைப் பேச! கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளக்கல்லில் கட்டிய மாடிவீடுகள் இரண்டு பக்கமும் நின்ற தெரு அது. மாடியை மெத்தை என்போம், வீட்டை மெத்தைவீடு என்போம். கீழே சரக்குக் கிட்டங்கி, மேலே குடித்தனம். எங்கள் மெத்தைச் சன்னலில் உட்கார்ந்தால் கடல் தெரியும். அந்தச் சன்னலுக்கு இன்றைக்கும் மனசு ஏங்குகிறது.

வருஷா வருஷம் நோன்புக்கு முன்னால் தெரு முழுக்கக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிப்பார்கள். உம்மா அதில் மகா பிடிவாதக்காரி. நான் தொட்டிலில் கிடந்தபோது கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போனவர் வாப்பா. பாஸ்போர்ட்டு, விசா என்று வந்த பிறகு, நினைத்தபடி வந்துபோக முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

"அவுக வரும்போது, விட்டுட்டுப் போன மாதிரியே வீடு இருக்கணும்" என்பாள் உம்மா. வேறு ஆசையே அவளுக்குக் கிடையாது. வாப்பா முகம் தெரியாத எனக்கும் வீடு வெள்ளையாக இருந்தால் அவர் வந்துவிடுவார் என்றொரு நம்பிக்கை.

பிறகு வந்தது சிமெண்ட். நாசமாய்ப் போன சிமெண்ட்! எதிர்வீட்டுக்காரர் முதலில் பூசினார். அப்புறம் தெருவுக்கே அந்தக் கிறுக்குப் பிடித்தது.

"இனிமே சுண்ணாம்பு யாரு அடிக்கிறா லாத்தா? ஒரு தடவ பூசுனா ஆயுசுக்கும் அசையாது" என்றார் உம்மாவின் தம்பி. உம்மா இரண்டு நாள் யோசித்தாள். "நம்ம வீடு மட்டும் பழசாக் கெடக்குன்னு அவுக வந்து சொல்லிரக் கூடாதுல்ல" என்று அவளும் சம்மதித்துவிட்டாள்.

பவளக்கல் கடல் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சுண்ணாம்பு அதற்கு வழிவிட்டது, சிமெண்ட் அடைத்துவிட்டது. எங்களில் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை. சில மழைக்காலம்தான் தாங்கியது. சுவர் உப்பிக்கொண்டு வந்தது, கல் மாவாக உதிர்ந்தது. தலையில் விழுந்துவிடும் என்று பயந்து மெத்தையை இடித்து இறக்கினோம். அக்கம்பக்கத்திலும் அதே கதைதான். சன்னலைப் பெயர்த்த அன்று நான் சோறு தின்னவில்லை. உம்மா அழவில்லை. "அவுக வந்தா என்ன சொல்லுவேன்" என்றே புலம்பிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம். கதவிடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த உம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். பஸ்ஸில் வந்திறங்கிய ஒருவர், தோல்பெட்டியும் கையுமாக, வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"ஒங்க வாப்பா புள்ள! யா அல்லா, தாண்டிப் போறாகளே!"

புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் எங்களில் இல்லை. தெருவில் சத்தம்போட்டு எப்படித்தான் கூப்பிடுவாள்? "ஓடுடி, கூட்டிட்டு வா!" என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன். வாப்பா என்று கூப்பிட வாய் வரவில்லை. "வீடு அங்கன இருக்கு" என்று கையை மட்டும் காட்டினேன்.

அவர் திரும்பி, மொட்டையாக நின்ற எங்கள் வீட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து என் தலையைத் தடவினார்.

"எங்க வீட்டுக்கு மெத்தை உண்டும்மா. நீ யாரு வீட்டுப் புள்ள?"