உமாபதியின் கெண்டைக்கால்

நகரியில் தறி ஓட்டும் குடும்பங்களில், ஓடுவதற்கென்றே விடியலில் எழுந்தவன் உமாபதி ஒருவன்தான். புதிதாக அமைந்த ஆந்திர ராஜ்யத்தில் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து புத்தூர் சாலையில் ஓடினான். பேய் துரத்துகிறதா, பெண் வீட்டார் துரத்துகிறார்களா என்று தெருவே கேட்டது. பதில் சொல்ல அவனுக்கு மூச்சு இல்லை. ஓராண்டு கழித்து மூச்சு இருந்தது, அப்போதும் சொல்லவில்லை.

ஓட ஓட உடம்பு மாறியது. கொழுப்பு கரைந்து, கெண்டைக்கால் இறுகி, தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் புடைத்து நின்றன. உழைக்கும் தசை நிறைய ரத்தம் கேட்கும். வந்த ரத்தம் திரும்பிப் போகிற வழியும் அதற்கேற்ப விரியும். பயப்பட ஒன்றுமில்லை. அவன் தாய் செங்கம்மாவோ, மகன் ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிவிட்டதென்று முடிவு கட்டினாள். மலைமேல் இருக்கும் சாமிக்கு வேண்டிக்கொண்டு, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை முறுக்கி மஞ்சள் தடவி, இரண்டு முழங்காலுக்கும் கீழே இறுக்கிக் கட்டினாள். வேலை கிடைத்து, திருமலையில் முடி இறக்கும்வரை அவிழ்க்கக் கூடாது.

சித்தூரில் நடந்த போலீஸ் ஆள்தேர்வில் ஓட்டத்திலும் மார்பளவிலும் தேறினான். டாக்டரிடம் மாட்டிக்கொண்டான். கயிற்றுக்குக் கீழே குழாய்கள் புழுப்போல வீங்கியிருந்தன. நாடி நிமிஷத்துக்கு நாற்பத்தாறுதான். இதயம் பலவீனம், காலில் நரம்புச் சுருள், ஆள் உதவாது என்று டாக்டர் தெலுங்கில் சொல்லிவிட்டார். இனி அண்ணனைப் போலத் தறிக் குழியில் உட்கார்ந்து நெய்ய வேண்டியதுதான் என்று உமாபதிக்குப் புரிந்தது.

பக்கத்தில் நின்ற நர்ஸ் தாட்சாயணி சித்தூரை அடுத்த குடிபாலாக்காரி, தமிழ் பேசுகிறவள். கயிற்றை எடுத்துவிட்டு இன்னொரு தரம் பார்க்கலாமா என்று டாக்டரைக் கேட்டாள். அவர் சரியென்று தலையசைத்தார். உமாபதி காலை இழுத்துக்கொண்டான். அம்மாவின் வேண்டுதல், தன்னால் அவிழ்க்க முடியாது என்றான்.

அவள் அவனை வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனாள். அங்கே மகனோடு வந்திருந்த செங்கம்மா காத்திருந்தாள்.

“ஊசி போடறப்ப கையில ரப்பர் கட்டி நரம்ப எழுப்புவோம்மா. நீ அதே வேலைய ராப்பகலா செஞ்சிக்கினு கீற.”

“அவுத்தா சாமி கோவிச்சிக்காதா?”

“அது எனக்குத் தெரியாது. அவுக்காட்டி வேலை இல்ல. அது தெரியும்.”

செங்கம்மா மகன் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, நூல் அறுக்கும் பழக்கத்தில், இரண்டு கால் முடிச்சையும் பல்லால் கடித்து அறுத்தாள்.

“வேண்டிக்கினவ நானு. கோவம் என்மேல வரட்டும். நீ போய்க் காலக் காட்டு நைனா.”

கொஞ்ச நேரம் உட்காரவைத்தபின் டாக்டர் அவனைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், புடைப்பு அடங்கியது. எழுந்து நின்றதும் ரத்தம் மேலிருந்து சரியாமல் கீழிருந்து மெல்ல நிறைந்தது. சுருள் இல்லை. ஆஸ்பத்திரியைச் சுற்றி ஓடவிட்டார். ஏறிய நாடி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மளமளவென்று இறங்கியது. மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். பலவீனமல்ல, பழகிய இதயம், ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதலாக ரத்தம் தள்ளுகிறது என்று சிரித்தபடி முன்பு எழுதியதை அவரே அடித்தார். உமாபதி போலீஸ்காரன் ஆனான்.

எல்லை பிரிந்து, திருத்தணி மதராசோடு போய், நகரி ஆந்திராவிலேயே நின்ற வருஷம், திருப்பதி மைதானத்தில் சித்தூர் ஜில்லா போலீசுக்காக ஓடினான். இரண்டாவதாக வந்தவன் வளைவு திரும்புமுன் இவன் நாடாவை நெஞ்சால் அறுத்தான். அப்போதும் நிற்காமல் இன்னொரு சுற்று ஓடினான். நிற்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.