புள்ளி நாலு

பக்கத்துப் பட்டறை அக்காவிடம் வாய்கொடுத்து ஜெயித்தவர் இதுவரை யாருமில்லை, நான் உட்பட. தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை அது. அக்காவின் வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போய் டயர் பிடித்து வருவார். ஒட்டிய டயரைச் சூடான காற்றழுத்தத்தில் வேகவைக்கும் பெரிய இரும்பு சேம்பர் அக்காவின் பொறுப்பு. கூடமாட உதவிக்குக் கொழுந்தன். தங்கமான ஆள்தான், ஆனால் சரியான அவசரக்குடுக்கை.

அன்று காலை, சேம்பரின் பழுதான அழுத்த மீட்டரைக் கழற்றிவிட்டு அக்கா புதிதாக ஒன்றை மாட்டினார். பழையது பவுண்டில் காட்டும். வேலை நடக்கும்போது முள் எண்பத்தைந்தில் நிற்கும். புதியது மெகாபாஸ்கலில் காட்டும். அதே அழுத்தத்துக்கு வெறும் பூஜ்யம் புள்ளி ஆறு. இதைக் கொழுந்தனிடம் விளக்கமாகவே சொன்னார். அவன் போனைப் பார்த்தபடி தலையாட்டினான்.

மதியம் லாரிக்காரர் டயர் கேட்டு வாசலில் நின்று நச்சரித்தார். கொழுந்தன் வால்வைத் திறந்து சேம்பர் காற்றை வெளியேற்றினான். முள் புள்ளி நாலுக்கு இறங்கியதும், ஒரு பவுண்டுகூட இல்லையே என்று வால்வை மூடிவிட்டான். கதவைத் திறக்கும் சக்கரம் அசையவில்லை. தன் பலம்தான் போதவில்லை என்று நினைத்து, நெம்பித் திருக அதில் நீளமான குழாயை மாட்டினான், மகராசன்.

அக்கா ஓடிவந்து குழாயைப் பிடித்துக்கொண்டார். லாரிக்காரர் கத்தினார், கொழுந்தன் கெஞ்சினான். அக்கா பிடியை விடவில்லை.

"புள்ளி நாலுதானே அண்ணி இருக்கு?"

"அது பவுண்டு இல்ல தம்பி. நம்ம கணக்குல நாலு கிலோ. விரல் நக அளவு இடத்துக்கு நாலு கிலோன்னா, இந்தக் கதவு முழுக்க எவ்வளவு? ரெண்டு லோடு லாரி உள்ள இருந்து தள்ளுது. கதவு தெறிச்சா முதல்ல நீதான் போவ."

சொல்லிக்கொண்டே வால்வைத் திறந்தார். காற்று அலறியது. அலறிக்கொண்டே இருந்தது. லாரிக்காரர் தெருவுக்கே போய்விட்டார். கொழுந்தன் முகம் வெளுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா வால்வை விட்டுக் கையை எடுக்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இனிமேல் எண்ணோடு அளவின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் கதவைத் தொடலாம் என்று அன்றே சட்டம் போட்டார்.

மறுநாள் அடுத்த டயர் வெந்தது. அக்கா சக்கரத்தை மறித்து நின்றார். கொழுந்தன் காற்றை இறக்கிவிட்டு மீட்டர் முன்னால் நின்று வெகுநேரம் விழித்தான். அந்தப் பாழாய்ப்போன பெயர் வாயில் வரவில்லை.

"பூஜ்யம் அண்ணி," என்றான் கடைசியில். "பவுண்டுலயும் பூஜ்யம், கிலோலயும் பூஜ்யம், அந்த இன்னொண்ணுலயும் பூஜ்யம்."

அக்கா விலகி வழிவிட்டார்.